பூசணிக்காய் காசு

மேரி அந்த மெமரி கார்டைக் கொண்டுவந்து கொடுத்துப் பதினோரு நாள் ஆகிவிட்டது. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும் அந்தச் சனியன். அதை வைத்துக்கொண்டு அருணா பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு செல்போன் கடைக்கு மேலே, மாடியில், பத்துக்குப் பத்து அறை. அதில்தான் அவள் தொழில். செத்துப்போன பென் டிரைவ், தண்ணீரில் விழுந்த கார்டு, எரிந்துபோன கேமரா என்று எது வந்தாலும் உள்ளே இருப்பதைத் தோண்டி எடுத்துக் கொடுப்பாள். கல்யாண வீடியோ பறிபோன புகைப்படக்காரர்கள் சென்னையிலிருந்துகூடக் கூரியரில் அனுப்புவார்கள். ஆனால் மேரி கொண்டுவந்தது கல்யாண வீடியோ இல்லை.

மேரியின் புருஷன் தானியேல், சிப்காட்டில் ஒரு இரும்பு ஆலையின் பழைய இரும்பு யார்டில் காண்ட்ராக்ட் கூலி. போன ஆயுத பூஜை அன்றைக்கு யார்டில் இரும்பு அள்ளும் லோடர் வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, முன்னால் பூசணிக்காய் உடைத்திருக்கிறார்கள். பூசணிக்காய்க்குள் குங்குமமும் சில்லறையும் போட்டு உடைப்பார்கள், உடைந்ததும் சுற்றி நிற்பவர்கள் விழுந்தடித்துக் காசைப் பொறுக்குவார்கள், தெரிந்ததுதானே. தானியேலும் பொறுக்கக் குனிந்தான், வண்டி கிளம்பிவிட்டது, ஏறிவிட்டது. ஆலை சொன்ன கதை இதுதான். கதை என்று தள்ளவும் முடியவில்லை. செத்துக் கிடந்தவனின் வலதுகை மூடியிருந்தது. போலீஸ் பிரித்துப் பார்த்தபோது குங்குமம் ஒட்டிய மூன்று ஒரு ரூபாய்க் காசுகள். போட்டோ எடுத்தாயிற்று. ஃபைலில் சேர்த்தாயிற்று. மூன்று ரூபாய்க்கு உயிரை விட்டவன் என்று டீக்கடைக்கு டீக்கடை பேச்சு. பேசுகிறவனுக்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது?

"நாங்க சபைக்குப் போறவங்க, பூசைக்கு வச்ச பொரிகூட அவரு தொட மாட்டாரு மேடம். அந்தக் காச தொடுவாரா? நீங்களே சொல்லுங்க" என்று முதல் நாள் இதே நாற்காலியில் உட்கார்ந்து மேரி கேட்டாள். "எம் பையன் ஸ்கூலுக்குப் போவ மாட்டேன்றான். போற வர்றவன்லாம் அவன் மேல ஒத்த ரூபா காச தூக்கிப் போட்டு, பொறுக்குடாங்கறானுங்க. எனக்கு நஷ்டஈடு வந்தா வருது, வராட்டி போவுது. அந்த மனுசன் எதுக்குக் குனிஞ்சாருன்னு மட்டும் எனக்குத் தெரியணும். இந்தத் திங்க வுட்டு அடுத்த திங்கக்கெழம லேபர் ஆபீஸ்ல கடைசி விசாரணை. அதுக்குள்ள எடுத்துக் குடுங்க."

எட்டு மாசமாக அவள் ஆலை வாசலில் நின்று, உள்ளே போய் வந்த ஒவ்வொரு லாரியையும் கைகாட்டி நிறுத்திக் கேட்டிருக்கிறாள். அப்படித்தான் சடையப்பன் என்கிற லாரிக்காரர் அகப்பட்டார். அன்றைக்கு அவர் வண்டி யார்டுக்குள் லோடருக்கு நேரெதிரே நின்றிருந்தது. பாட்டு கேட்கத் திருகி வைத்த சாவியை அப்படியே விட்டுவிட்டு அவர் டீ குடிக்க வெளியே போயிருந்ததால் கண்ணாடியில் ஒட்டியிருந்த கேமராவும் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாளே கார்டு படுத்துவிட்டது; புதுசு வாங்கிப் போட்டுவிட்டு, பழசை ஸ்பேனர் டப்பாவில் எறிந்திருந்தார். "எதுவும் கெடைக்காதும்மா, தூக்கிப் போட வேண்டியதுதான்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

இதில் அருணாவுக்கு ஒரு சங்கடம் இருந்தது. அதே ஆலையில்தான் அவள் புருஷன் துளசிராமன் ஷிப்டு இன்சார்ஜ். அந்தப் பூஜையை முன்னால் நின்று நடத்தியவனே அவன்தான். "பாவம்டி, சொல்லச் சொல்லக் கேக்காம குனிஞ்சிட்டான்" என்று அன்று சாயங்காலம் முகமெல்லாம் வெளிறிப்போய் வந்து சொன்னவனும் அவன்தான். அருணா அதை நம்பினாள். கட்டின புருஷன் சொன்னால் நம்பாமல்? கார்டை அவள் வாங்கிக்கொண்டதே, கண்ணால் பார்த்துவிட்டால் இந்தப் பெண்பிள்ளையின் மனசு ஆறிப்போகும் என்கிற இரக்கத்தில்தான். வாடிக்கையாளர் விஷயத்தை வீட்டில் பேசும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. அதனால் துளசிராமனிடம் மூச்சு விடவில்லை.

கார்டு படுத்துவிட்டது என்றால் அதன் மூளை போய்விட்டது என்று அர்த்தம். நினைவு அப்படியே இருக்கும். அருணா அதன் முதுகில் இருந்த கறுப்புப் பூச்சைச் சுரண்டி, அடியில் தெரிந்த செப்புப் புள்ளிகளில் முடியைவிட மெல்லிய கம்பிகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பார்த்துப் பற்றவைத்தாள். தும்மல் வந்தால்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு அறைக்கு வெளியே ஓடினாள். மூன்றாம் நாள், உள்ளே இருந்த அத்தனையும் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்தது. வந்து என்ன பிரயோஜனம்? எல்லாம் கூழ். கார்டு எதையும் உள்ளது உள்ளபடி எழுதி வைக்காது. தனக்கென்று ஒரு ரகசிய எண் வரிசை வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொன்றோடும் அதைக் கலந்து குழப்பி, பக்கங்களையும் இடம் மாற்றித்தான் எழுதும். அந்த வரிசை எதுவென்று தெரிந்த ஒரே ஆள் அந்த மூளை. அதுதான் செத்துவிட்டதே.

வழி ஒன்று உண்டு. வெறும் பூஜ்யமாக இருக்கிற இடத்தில் கலப்பதற்கு எதுவும் இல்லாததால், ரகசிய வரிசை மட்டும் தனியாக, பட்டவர்த்தனமாகக் கிடக்கும். காலியிடத்தைக் கண்டுபிடித்தால் சாவி கிடைத்த மாதிரி. ஆனால் லாரி கேமரா ராப்பகலாக எழுதி எழுதி அந்தக் கார்டில் மூச்சுவிட இடமில்லாமல் அடைத்து வைத்திருந்தது. எட்டு நாள் அருணா தலையைப் பிய்த்துக்கொண்டாள். பதினோராம் நாள் காலையில்தான் அவளுக்கு உறைத்தது. கேமரா நிமிஷத்துக்கு ஒரு ஃபைலாக எழுதுகிறது. படம் முடிந்தபின் மிச்சமிருக்கும் வாலில் பூஜ்யத்தைப் போட்டு மூடுகிறது. அட, இத்தனை நாள் நடு வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தோமே! வால்களை மட்டும் பொறுக்கி அடுக்கிப் பார்த்தாள். ஒரே வரிசை, திரும்பத் திரும்ப. அதை முழுக் குவியலிலிருந்தும் கழித்தாள். பக்கங்களை வரிசைக்குக் கொண்டுவந்தாள். பதினொன்றரை மணிக்கு முதல் ஃபைல் திறந்துகொண்டது. ஓரத்தில் தேதியும் நேரமும்: அந்த ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை, காலை பத்து இருபத்தாறு.

சந்தோஷத்தில் அருணா மேரிக்குப் போன் போட்டு, "அக்கா, கெடைச்சிடுச்சு, வாங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் படத்தை ஓடவிட்டாள்.

வாழைக்கன்று கட்டிய லோடர். அதன் முன்னால் கற்பூரத் தட்டோடு துளசிராமன். சுற்றி ஐம்பது அறுபது பேர்; ஆபீஸ் ஆட்களின் பெண்டாட்டி பிள்ளைகளும் புதுத் துணியில் நின்றார்கள். தள்ளி, சுவரோரமாக, விளக்குமாற்றைப் பிடித்தபடி ஒருவன் ஒதுங்கி நின்றான். மேரி காட்டிய போட்டோவில் இருந்த அதே முகம். பூசணிக்காய் உடைந்தது. கூட்டம் பாய்ந்தது. வழக்கம் என்னவென்றால் காசெல்லாம் பொறுக்கி முடித்து எல்லோரும் விலகிய பிறகுதான் வண்டியை நகர்த்துவார்கள். ஆனால் துளசிராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பத்தரைக்கு ராகு காலம். இரண்டு கையாலும் ஆட்களை விரட்டி ஒதுக்கினான். பிறகு லோடர் பக்கம் திரும்பி, தரையை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல், வா வா என்று கையை ஆட்டினான்.

சக்கரம் உருண்டது. அப்போது அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் பெண் குடுகுடுவென்று ஓடிவந்து, சக்கரத்துக்கு முன்னால் மண்டியிட்டுக் காசைப் பொறுக்கினாள்.

பச்சைப் பட்டுப் பாவாடை. மஞ்சள் கரை. அந்தக் கரையை வைத்துத் தைத்தவள் அருணா.

சுவரோரம் நின்றவன் விளக்குமாற்றை எறிந்துவிட்டு ஓடிவருவதும், குழந்தையை இடுப்போடு அள்ளித் தூக்கி எறிவதும், எறிந்த வேகத்தில் கால் வழுக்கி அவன் விழுவதும் தெரிந்தது. அதற்குமேல் அவளால் பார்க்க முடியவில்லை. ஐயோ, ஐயோ என்று தன் வாய் சொல்லிக்கொண்டிருப்பது தன் காதிலேயே விழுந்தது. மறுபடி கண்ணைத் திறந்தபோது துளசிராமன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படத்தைவிட்டு வெளியே ஓடிக்கொண்டிருந்தான். கீழே கிடந்தவனை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஃபைல் முடிந்தது.

அன்றைக்கு அருணாவுக்குக் காய்ச்சல். வீட்டில் படுத்திருந்தாள். அப்பாவும் பெண்ணும் மட்டும்தான் பூஜைக்குப் போனார்கள். மத்தியானம் திரும்பி வந்தபோது நந்தினியின் முழங்கை உரிந்திருந்தது. கூட்டத்தில் விழுந்துவிட்டாள் என்றான். அந்த முழங்கைக்கு மருந்து போட்டவள் அருணாதான். ஆறு வயசுக் குழந்தை, லொடலொடவென்று பேசுகிற குழந்தை, எட்டு மாசமாக இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையே!

துளசிராமனுக்கு அன்று இரண்டு மணி ஷிப்டு, வீட்டில்தான் இருந்தான். "ஒடனே கடைக்கு வாங்க" என்று மட்டும் சொன்னாள். பத்து நிமிஷத்தில் வந்தான். அவள் படத்தை ஓடவிட்டாள். பாதியிலேயே அவன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"இது எங்கேந்து வந்துச்சு?"

"எங்கேந்து வந்தா இன்னாங்க? எங்கிட்ட எதுக்கு மறைச்சீங்க? நம்ம புள்ளையக் காப்பாத்தினவரு அவரு. காசுக்குக் குனிஞ்சாருன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியுறீங்களே, உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதா?"

"மெதுவா பேசு. நான் எனக்காகவா மறைச்சேன்?" அவன் எட்டிக் கதவைச் சாத்தினான். "யார்டுக்குள்ள கொழந்தைங்கள வுடவே கூடாது. உண்மைய சொன்னா கேஸ்ல புள்ள பேரு வரும். போலீஸ் வந்து அவள கேக்கும். நாளைக்கு ஸ்கூல்ல, கல்யாணத்துல, போற எடத்துலல்லாம் இவளாலதான் ஒருத்தன் செத்தான்னு சொல்லுவாங்க. ஆறு வயசுடி அவளுக்கு. அந்த பாரத்த அவ தலையில ஏத்தச் சொல்றியா?"

"அவகிட்ட இன்னா சொன்னீங்க?"

"அந்த அங்கிள் ஆஸ்பத்திரிக்குப் போயி நல்லாயிட்டாருன்னு சொன்னேன். அம்மாகிட்ட சொன்னா அம்மாவுக்குக் காய்ச்சல் ஜாஸ்தியாயிடும்னு சொன்னேன். அத இன்னிக்கி வரைக்கும் அவ யார்கிட்டயும் சொல்லல." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கெடைக்கலன்னு சொல்லிடு அருணா. கார்டு செத்துப்போச்சு, ஒண்ணும் வரலன்னு சொல்லு. அந்தப் பொம்பளைக்கு வேற எதுன்னா வழியில நாம செய்யலாம். நம்ம கொழந்தடி."

சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்: அருணா தளர்ந்துவிட்டாள். பெற்றவள் இல்லையா? பெண்ணின் முகம் கண்முன்னே வந்து நின்றது. அந்தக் கூழைப் பிரிக்கத் தெரிந்தவள் கும்மிடிப்பூண்டியில் அவள் ஒருத்திதான். தவறான ஃபைல் அக்கா, வேறு நாள் படம் என்று ஒரு பொய் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. திங்கட்கிழமை வரும், போகும். "சரி, சொல்லிடறேன்" என்றுகூட வாயைத் திறந்து சொல்லிவிட்டாள். சொல்லி முடிக்கவும் கம்ப்யூட்டர் டிங் என்றது. அடுத்தடுத்த ஃபைல்களை அது தன்பாட்டுக்குப் பிரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. மேலே வந்து நின்ற ஃபைலின் நேரம் பத்து நாற்பத்தொன்று.

அருணா அதையும் திறந்தாள்.

"அத எதுக்கு பாக்கற? வேணாம்!" என்று துளசிராமன் எழுந்தான். எழுந்த வேகத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சுரீர் என்றது. மவுசை அவன் கைக்கு எட்டாமல் இழுத்துக்கொண்டாள்.

லோடர் பின்னால் நகர்த்தி நிறுத்தப்பட்டிருந்தது. கூட்டத்தை கேட்டுக்கு வெளியே அனுப்பியிருந்தார்கள் போலிருக்கிறது, யார்டில் ஆளில்லை. தரையில் தானியேல் ஒருக்களித்துக் கிடந்தான். வலதுகை விரிந்து கிடந்தது. விரித்த கை, வெறும் கை. துளசிராமன் தனியாக வந்தான். இடமும் வலமும் பார்த்தான். குனிந்து, சிதறிய பூசணிக்காய்த் துண்டுகளுக்கு நடுவில் எதையோ பொறுக்கினான். பிறகு தானியேலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பொறுக்கியதை அந்த உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினான். கட்டைவிரல் நழுவி நழுவித் திறந்தது. அது நிற்கும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து வேட்டியில் கையைத் துடைத்தான்.

குழந்தைக்காக மறைத்தானாம்! குழந்தையை மறைக்க வேண்டுமென்றால் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதாதா? தன் பெண்ணைத் தூக்கி எறிந்து காப்பாற்றிய கை அது. அந்தக் கையின் சூடு ஆறுவதற்குள் அதைத் திருட்டுக் கையாக்கியிருக்கிறான்.

"மேனேஜர் சொன்னாரு அருணா" என்றான் அவன். "அவன் மேல தப்புன்னு ஆனாத்தான் என் வேல நிக்கும்னாரு. பாத்தவங்க எல்லாருக்கும் வாயத் தொறந்தா வேல போயிடும்னு சொல்லிட்டாரு. கைய ஆட்டி வண்டிய வரச்சொன்னது நான்தானே? உள்ள தள்ளிடுவாங்க. எனக்கு வேற வழி தெரில."

"வெளிய போ."

கல்யாணமான பதினோரு வருஷத்தில் அவள் அவனை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. அவன் நம்ப முடியாமல் பார்த்தான். கம்ப்யூட்டர் வயரின் பக்கம் கை போனது. "தொட்டுப் பாரு" என்றாள் அருணா. "பஜாரே கூடற மாதிரி கத்துவேன்." அவன் கையை எடுத்துக்கொண்டான். படியில் இறங்கும்போது, மேலே ஏறி வந்துகொண்டிருந்த மேரி சுவரோடு ஒட்டி நின்று அவனுக்கு வழிவிட்டாள். "நல்லாருக்கீங்களா சார்?" என்று விசாரிக்க வேறு செய்தாள். அவன் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கிப் போனான்.

மேரி உள்ளே வந்து உட்கார்ந்தாள். "துளசிராமன் சார் இங்க இன்னாத்துக்கு வந்தாரு? எங்க ஊட்டுச் சாவுக்கு மால எடுத்துகினு வந்த ஒரே ஆபீசரு அவருதான் மேடம்."

அருணா திரையை அவள் பக்கம் திருப்பினாள். முதல் ஃபைலை ஓடவிட்டாள். மேரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பார்த்தாள். கடைசியில் ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. பிறகு, "காசுக்கு இல்ல" என்றாள். "காசுக்கு இல்ல, பாத்தீங்களா? எனக்குத் தெரியும்." மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும். மூன்றாம் தடவை முடிந்ததும் கேட்டாள்:

"அந்தப் புள்ளைக்கு இன்னா ஆச்சு? தூக்கிப் போட்டாரே, அடிகிடி பட்டுச்சா?"

"கையில சிராய்ப்பு. நல்லாருக்கா" என்றாள் அருணா. "எம் பொண்ணுக்கா அது. எனக்கே இன்னிக்கித்தான் தெரியும். இப்ப எறங்கிப் போனாரே, அவரு என் ஊட்டுக்காரர்."

மேரி அவளையே பார்த்தாள். அருணா அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் இரண்டாவது ஃபைலைத் திறந்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த விரல்கள் மடங்குவதை மேரி கடைசிவரை பார்த்தாள். அவள் கத்தவில்லை. திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்துக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்ற அருணாவுக்கு அது இன்னும் பயமாக இருந்தது.

"உம் பொண்ணுக்குத் தெரியுமா, அவரு செத்தது?" இப்போது மேரியின் பேச்சில் மேடம் போய்விட்டது.

"தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போயி நல்லாயிட்டாருன்னு சொல்லி வச்சிருக்காரு."

"நல்லாயிட்டாரு." மேரி அந்த வார்த்தையை ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "எங்க ஊட்டுலயும் ரெண்டு இருக்குது. அதுங்ககிட்ட அப்டி சொல்ல ஒருத்தரும் வரல."

மேரி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எழுதிக் குடு. தமிழ்ல எழுது, நான் படிக்கணும்" என்றாள்.

கார்டிலிருந்து எடுத்ததைக் கோர்ட்டு கேஸுக்குக் கொடுக்கும்போது, எப்படி எடுத்தோம், படத்தில் யார் யார் தெரிகிறார்கள் என்று ஒரு அறிக்கையும் கொடுப்பது அருணாவின் வழக்கம். உட்கார்ந்து தட்டினாள். இறந்தவர் கையில் விபத்து நேரத்தில் காசு இல்லை என்று எழுதினாள். காசை வைத்தவர் ஆலையின் ஷிப்டு பொறுப்பாளர், அவர் என் கணவர் என்று எழுதினாள். காப்பாற்றப்பட்ட குழந்தை என் மகள் நந்தினி, வயது ஆறு என்று எழுதினாள். அந்தப் பெயரை ஒரு தடவை அழித்தாள், பிறகு மறுபடி தட்டினாள். அச்செடுத்த தாளை மேரியிடம் நீட்டினாள்.

மேரி ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்துக்கொண்டு வந்தாள். கடைசி வரியில் விரல் நின்றது.

"புள்ள பேர எடுத்துடு" என்றாள். "ஒரு கொழந்தன்னு போடு, போதும். ஊரு வாயில வுழுந்தா ஒரு புள்ளைக்கு இன்னா ஆவும்னு நான் தெனம் பாத்துகினு இருக்கறேன்."

அருணா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மேரி கையை உருவிக்கொண்டாள்.

"உன் ஊட்டுக்காரன் பேர எழுதவே இல்லியே" என்றாள். "அத முழுசா எழுது. அவங்கப்பன் பேரோட."

அருணா எழுதினாள்.